கசகசா போடாத மசால்

மாசி பிறந்துவிட்டால் உத்தமபாளையத்தில் மொட்டைமாடி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் மிளகாய் வத்தல் காயப்போடுவார்கள். மாடி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு மாடியைக் கேட்டு வாங்கிக் காயப்போடுவார்கள். வருசத்துக்கு வேண்டிய வத்தலும் மல்லியும் மஞ்சளும் வெயிலில் மொறுமொறுவென்று ஆனதும், தகர டின்களில் ஏறி ஜோதிலட்சுமியின் மில்லுக்கு வந்து சேரும்.

மில் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கொட்டகை, மாவுக்கு ஒரு மிசின், மசாலுக்கு ஒரு மிசின், ஒரு தராசு. அவ்வளவுதான். புருசனின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய ஜோதி நிற்பாள். காரமில்லாததை முதலில் அரைப்பாள், வத்தலைக் கடைசியில் அரைப்பாள். ஒருவர் சாமான் முடிந்ததும் ஒரு கை அரிசியைப் போட்டு ஓட்டி மிசினைச் சுத்தம் பண்ணிவிட்டுத்தான் அடுத்தவர் டின்னைத் தொடுவாள். இவ்வளவு சுத்தமாகச் செய்தும் மில்லுக்கு வருகிற பெண்கள் டின்னை விட்டு நகரமாட்டார்கள். மில்லுக்காரி ஒரு பிடி அள்ளிக்கொள்வாள் என்பது எல்லா ஊர்ப் பெண்களுக்கும் உள்ள சந்தேகம். தும்மித் தும்மிக் கண் சிவந்தாலும் மிசின் பக்கத்திலேயே காவல் நிற்பார்கள்.

நிற்காதவள் ஒருத்திதான். பள்ளிவாசல் தெருச் சாபிரா. "ஜோதி, வச்சுட்டுப் போறேன்" என்று டின்னை இறக்கிவிட்டு கடைவீதிக்குப் போய், மீன் வாங்கி, நாலு பேரிடம் கதை பேசி, சாவகாசமாகத் திரும்புவாள். டின்னைத் திறந்துகூடப் பார்க்கமாட்டாள். ஜோதிக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. சாபிராவின் புருசன் ராஜா முகம்மதுவை அவள் அண்ணன் என்று கூப்பிடுவாள். அந்த முறையில் சாபிரா அவளுக்கு மதினி.

வெறும் வாய்முறை இல்லை அது. ஜோதியின் புருசன் வினோத்ராஜுக்கு சவுதியில் டிரைவர் வேலை வாங்கிக் கொடுத்ததே அங்கே வேலை பார்த்த ராஜா முகம்மதுதான். அதற்கு முன்னால் வினோத்ராஜ் கம்பத்திலிருந்து மலைக்கு ஏலத்தோட்டத்து வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினான். ஓட்டிய நேரம் போக மீதி நேரமெல்லாம் குடித்தான். ஜோதி ஒருதரம் அரளி விதையை அரைத்து வைத்துவிட்டுக் குடிக்கப் பயந்து அழுதிருக்கிறாள். அந்த நாளில்தான் பாஸ்டர் ராஜபாண்டி வீட்டுக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. வாந்தி எடுத்துக் கிடந்த வினோத்ராஜைத் தூக்கி உட்காரவைத்து, முகம் கழுவிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து இயேசுவைப் பற்றிப் பேசினார். மறுநாளும் வந்தார். வினோத்ராஜ் குடியை விட்டான், ஜோதி பொட்டை விட்டாள். மில், மிசின், தராசு எல்லாம் அந்தப் பேச்சினால் வந்தவை என்று ஜோதி மனசார நம்பினாள். அந்த நம்பிக்கையில் பழுதில்லை. அதை வைத்து அவள் செய்த காரியத்தைத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. லீவுக்கு வந்தவர் வெளிநாடு திரும்புகிறார் என்று தெரிந்தால் அக்கம்பக்கத்தார் எல்லோரும் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒருத்தி மகனுக்கு முறுக்கு, ஒருத்தி புருசனுக்கு மூட்டுவலித் தைலம், ஒருத்தி உப்புக்கண்டம். முடியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ராஜா முகம்மதுவின் பையில் பாதி அடுத்தவர் சாமான்தான் இருக்கும். நோன்பு பிறப்பதற்குச் சில நாள் முன்னால் அவர் கிளம்பியபோது ஜோதியும் ஒரு பொட்டலம் கொண்டுபோனாள். இட்லிப் பொடி.

அவர் கையில் வாங்கி எடை பார்த்துச் சிரித்தார். "கசகசா கிசகசா போட்டுறலையே தங்கச்சி? அங்கன அது கஞ்சா மாதிரி. உள்ள தூக்கி வச்சுருவான்."

"பொடி மட்டுந்தாண்ணே."

பொடிக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை இருந்தது. அதில் விரல்நகம் அளவில் மெமரி கார்டுகள். இந்தியிலும் நேபாளியிலும் வங்காளத்திலும் வேத வசனங்களைப் பேசிப் பதிந்தது. கேம்ப்பில் வினோத்ராஜோடு தங்கியிருக்கிற ஆட்களுக்கு. அந்த நாட்டில் ஒருவன் தன் அறைக்குள் தன் சாமியைக் கும்பிடுவதைப் பெரிதாகக் கேட்பதில்லை. அடுத்தவனைக் கூப்பிட்டுச் சொல்வதும், அதற்கென்று சாமான் கொண்டுபோவதும் குற்றம். வினோத்ராஜ் போனில் அதை மருந்து என்றுதான் சொல்வான். மருந்து அனுப்பு ஜோதி, இங்கே ஒரு நேபாளிப் பையன் விட்டத்தில் கயிறு கட்டிவிட்டான், இறக்கி உட்காரவைத்துப் பேசினேன், இப்போது தினமும் கேட்கிறான் என்று சொன்னான். பாஸ்டர்தான் கார்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். உறையில் போட்டு, பொடியில் புதைத்து, வாயைக் கட்டியது ஜோதியின் கை.

முதல் நோன்பு அன்றைக்கே போன் வந்துவிட்டது. ராஜா முகம்மதுவை ஏர்போர்ட்டில் நிறுத்திவிட்டார்கள். பொடிப் பொட்டலத்தில் என்னமோ இருந்ததாம், போலீஸ் கூட்டிப்போயிருக்கிறதாம். போன் பண்ணிய அவருடைய ரூம்காரருக்கு அதற்குமேல் தெரியவில்லை. பள்ளிவாசல் தெருவில் யாருக்கும் அதற்குமேல் தெரியவேண்டியிருக்கவும் இல்லை. பொடியில் என்னமோ என்றால் கசகசாதான். சாபிரா புருசனுக்கென்று அரைத்துக் கொடுத்துவிட்ட கறிமசாலில் கசகசா போட்டுவிட்டாள். தெருவே முடிவுகட்டிவிட்டது. ராஜா முகம்மதுவின் அண்ணன் அப்துல் சமது, கம்பத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறவர், அன்றைக்கே வந்து தம்பி பெண்டாட்டியைப் பிடிபிடியென்று பிடித்தார். இத்தனை வருசம் சம்பாதித்தவனை ஒரு கரண்டிக் கசகசாவில் கவிழ்த்துவிட்டாயே என்றார்.

மறுநாள் அவள் மில்லுக்கு வந்தாள். நோன்பு பிடித்து உதடு வெடித்திருந்தது. கஞ்சிக்கு நொய் உடைக்கப் பச்சரிசி கொண்டுவந்திருந்தாள். மற்ற பெண்கள் போகும்வரை ஓரமாக நின்றாள். பிறகு கிட்டே வந்தாள்.

"ஜோதி, அன்னைக்கு நான் ரெண்டு டின்னு கொண்டுவந்தேன்ல. ஒண்ணு வீட்டுக்கு, கசகசா போட்டது. ஒண்ணு அவுகளுக்கு, போடாதது. வச்சுட்டு நாம்பாட்டுக்குக் கடைவீதிக்குப் போயிட்டேன். நீ தனித்தனியாத்தான அரைச்ச? நாந்தான் வீட்டுல போயி மாத்திக் கட்டிட்டனா? யோசிச்சு யோசிச்சு எனக்குக் கிறுக்குப் பிடிக்குது. அரைச்ச பெறகு பாத்தா ஒண்ணுந் தெரிய மாட்டேங்குது. மோந்து பாக்குறேன், நக்கிப் பாக்குறேன். நீ சொல்லு. நீதான அரைச்ச."

ஜோதிக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. மிசின் சுத்தமாக இருக்கும்போதே அண்ணனுடையதை முதலில் அரைத்தாள். அந்தப் பாக்கெட்டுக்கு மட்டும் சிவப்பு நூல் கட்டினாள். ராஜா முகம்மதுவிடம் பொடியைக் கொடுக்கப் போன அன்று அவர் பைக்குள் அந்தச் சிவப்பு நூலைக் கண்ணாலும் பார்த்தாள். மாறவே இல்லை. அதைச் சொல்லிவிட்டால் சாபிரா தப்பித்துவிடுவாள். அப்புறம் எல்லோரும் அடுத்த பொட்டலம் யாருடையது என்று கேட்பார்கள்.

"அன்னைக்குக் கூட்டமா இருந்துச்சு மதினி. ஞாபகம் இல்ல."

சாபிரா தலையாட்டினாள். உடைத்த நொய்யை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். ஜோதியின் பொடியும் தன்னால் போய்விட்டதே, வினோத்ராஜ் தம்பி ஆசையாகக் காத்திருந்திருக்குமே, மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜோதி மிசினை நிறுத்திவிட்டு கோணிச்சாக்குகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. முகத்தில் கட்டிய துண்டை அவிழ்க்கக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அன்று சாயங்காலம் பாஸ்டர் ராஜபாண்டி வந்தார். ராஜபாண்டி கெட்ட மனுசன் இல்லை. சைக்கிளில் மலையடிவாரமெல்லாம் அலைந்து, அடி வாங்கி, பல்லொன்று போனவர். அவருக்கும் முகம் செத்துத்தான் இருந்தது. ஆனாலும் பொறுத்திரு என்றார். வினோத்ராஜ் மட்டும் இல்லை, கேம்ப்பில் கூடி ஜெபிக்கிறவர்கள் எல்லோரும் மாட்டுவார்கள் என்றார்.

"சட்டம் விடுற எடத்துல மட்டுந்தான் பேசணும்னா, ஒலகத்துல பாதிச் சனத்துக்கு யாரு தங்கச்சி சொல்றது? உங்க வீட்டுக்கு நான் உத்தரவு வாங்கிட்டா வந்தேன்?"

"நீங்க வந்தீக ஐயா. நீங்களே வந்தீக. அடிபட்டாலும் நீங்கதான் பட்டீக. இப்ப அந்த அண்ணனுல்ல உள்ள இருக்காரு. அவருக்கும் நம்ம சாமிக்கும் என்னய்யா?"

பாஸ்டர் ஒரு வழி சொன்னார். மிசினில் முந்தி அரைத்தவர்களுடைய கசகசா ஒட்டியிருந்திருக்கும் என்று சொல்லிவிடேன். சாபிராம்மா மேல் உள்ள பழி போகும், நம் காரியமும் வெளியே வராது. மில்லுக்குக் கொஞ்சம் கெட்டபேர் வரும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஜோதிக்கு அது நல்ல வழியாகத்தான் தோன்றியது. பாதிப் பழியைத் தானே எடுத்துக்கொள்கிற மாதிரி இருந்தது. இதைவிடக் கேவலமான யோசனையை அவள் அதுவரை கேட்டதில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

சொன்னாள். சாபிரா வீட்டு அடுப்படியில், கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். உங்கள் டின்னுக்கு முந்தி யாருக்கோ குருமா மசால் அரைத்தேன் மதினி, அரிசி போட்டு ஓட்ட மறந்துவிட்டேன், அதுதான் ஒட்டியிருக்கும்.

சாபிரா கரண்டியை வைத்தாள். திட்டட்டும், அடிக்கட்டும் என்று ஜோதி காத்திருந்தாள். சாபிரா கிட்டே வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"வேணும்னா செஞ்ச? வேலைக் கவனத்துல விட்டுப்போச்சு. இத வேற யாருக்கும் சொல்லிராத. கம்பத்துப் பெரிய மச்சானுக்குத் தெரிஞ்சா மில்லு வாசல்ல வந்து சத்தம் போடுவாக. ஒரு பொம்பள உன்கிட்ட அரைக்க வரமாட்டா. பிள்ளைகள வச்சுருக்க, தொழில் கெட்டுப்போகும். நான் போட்டதாவே இருந்துட்டுப் போகட்டும். எனக்குத்தான் ஏச்சு வாங்கிப் பழகிருச்சே."

தூக்குப் போணியில் கஞ்சியும் ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளைகளுக்கு என்று மேலே இரண்டு வடையும் வைத்தாள். ஜோதி அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தாள். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு, செய்த தப்பை மடியில் கட்டிக்கொண்டு போகிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கஞ்சியைப் பிள்ளைகள் குடித்தார்கள். அவளுக்கு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வினோத்ராஜ் போன் பண்ணினான். பயந்துபோயிருந்தான். குரலை அடக்கிப் பேசினான். ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறேன், தேவன் அண்ணனை விடுவிப்பார் என்றான்.

"ஜெபம் பண்ணிக்கிட்டே இருங்க. அப்படியே கம்பெனி ஆபீசுக்குப் போயி, அது என் சாமான்னு சொல்லுங்க."

"ஜோதி, நான் உள்ள போறதுக்குப் பயப்படல. போனா இங்கன எல்லாம் நின்னுரும். அந்தப் பையன் மறுபடியும் கயித்தத் தேடுவான்."

"நீங்க சொல்றது தப்புன்னு நான் சொல்லல. அந்தப் பேச்சு இல்லன்னா நான் இன்னைக்கு இல்ல. சட்டம் கூடாதுன்னு சொன்னாலும் சொல்லித்தான் தீருவேன்னா சொல்லுங்க. மாட்டுனா நீங்க மாட்டுங்க. நான் பட்டினி கெடந்து பிள்ளைகள வளத்துருவேன், ஊரு முன்னாடி தலநிமிந்து நடப்பேன். அடுத்தவரு பையில ஒளிச்சு வச்சுட்டு, அவரு உள்ள இருக்கையில நம்ம இங்கன ஜெபம் பண்றமே, எந்தச் சாமிங்க இதக் கேக்கும்?"

அவள் சாயங்காலம் சாபிரா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லப்போவதாகச் சொன்னாள். உத்தரவு கேட்கவில்லை, தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் சொன்னாள். அவன் போனை வைத்துவிட்டான்.

நோன்பு திறக்கிற நேரத்துக்குச் சற்று முன்னால் போனாள். அப்துல் சமது கூடத்தில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். தேனியில் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்க வக்கீலிடம் பேசிவிட்டு வந்திருந்தார். சாபிரா பேரீச்சம்பழத் தட்டை வைத்துக்கொண்டிருந்தாள். ஜோதி உட்காரவில்லை.

"அண்ணே, மதினி மசால்ல ஒண்ணுமில்ல. சுத்தமா இருந்துச்சு. சிவப்பு நூல் கட்டி நாந்தான் குடுத்தேன், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மிசின்லயும் ஒண்ணும் ஒட்டல. அது நான் சொன்ன பொய்யி. என் பொட்டலத்துலதான் இருந்துச்சு."

"கசகசாவா?"

"இல்லண்ணே. மெமரி கார்டு. எங்க வேதம் அதுல பேசும். எங்க வீட்டுக்காரரு கேம்ப்ல ஆளுகளுக்குக் குடுக்க. பொடிக்குள்ள வச்சு நான் கட்டுனேன்."

சமதுக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. விளங்கியதும் எழுந்துவிட்டார். அவர் சத்தம் போடுவார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். குரல் உயரவே இல்லை.

"எந்தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது. கசகசா போட்டுறலையேன்னு கேட்டாக. பொடி மட்டுந்தான்னு சொன்னேன்."

"இங்கன நீங்க மைக்குப் போட்டுப் பாடுறீக, நாங்க பாங்கு சொல்றோம். யாரும் யாரையும் கேக்கல. அங்கன சட்டம் வேறன்னு தெரிஞ்சுதானம்மா உன் புருசன் போனாரு? அந்தச் சட்டம் சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. தப்புன்னு நெனச்சா அவரு மீறட்டும், அவரு போகட்டும். இவனுக்குப் பெரிய பிள்ளை நிக்காஹு இருக்கே. இவன எதுக்கும்மா இழுத்துவிட்டீக?"

அழுதால் இரக்கம் கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று ஜோதி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சாபிராதான் மெதுவாகக் கேட்டாள்.

"அவுககிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல ஜோதி. சொல்லியிருந்தா மாட்டேன்னுருப்பாக."

"அதுக்குத்தான் மதினி சொல்லல."

"அப்ப மாட்டேன்னு சொல்றதுக்குக்கூட அவுகளுக்குப் பாத்தியதை இல்லையா?"

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. சாபிரா பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் வைத்தாள். வழக்கமாக வாசலில் யார் நின்றாலும் தட்டை நீட்டுகிறவள், அன்று நீட்டவில்லை.

ஜோதி மறுநாள் சமதுவோடு தேனிக்குப் போய், நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பஸ்ஸில் சமது முன்னால் உட்கார்ந்தார், அவள் பின்னால் உட்கார்ந்தாள். திரும்பி வந்தபோது வினோத்ராஜின் குரல் செய்தி வந்திருந்தது. நான் ஆபீசுக்குப் போகிறேன் ஜோதி, நீ சொன்னதற்காக மட்டும் இல்லை, எனக்கே தூக்கம் வரவில்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள். அதற்குப் பிறகு அவன் போன் எடுக்கவில்லை.

ராஜா முகம்மது சித்திரைக் கடைசியில் ஊர் வந்தார். அனுப்பும்போதே இனி அந்த நாட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாதி நரைத்திருந்தார். அண்ணன் கடையில் இரும்பு எடை போடப் போனார். தெருவில் ஜோதி எதிரே வந்தால் மறுபக்கம் போவார். ஏசினார் என்றுகூட யாரும் சொல்லவில்லை. வினோத்ராஜ் உள்ளே இருந்தான், எப்போது வருவான் என்று சொல்ல ஆளில்லை.

சபையில் வினோத்ராஜின் போட்டோவைப் போட்டு பிளக்ஸ் வைத்தார்கள். சுவிசேஷத்துக்காகச் சிறைப்பட்ட வீரர் என்று எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். அவள் எழுந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்காரரு தெரிஞ்சு போனாக. அவுகளுக்காக ஜெபம் பண்ணுங்க, நானும் பண்றேன். ஆனா தெரியாமப் போன ஒருத்தரு நமக்காக உள்ள இருந்து வந்துருக்காரு. நம்ம யாரும் அவரு வாசல்ல போயி ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கல. அவரு பேர முதல்ல சொல்லுங்கய்யா. இல்லன்னா அந்தப் போட்டோவ எறக்கிருங்க."

யாரும் ஆமென் சொல்லவில்லை. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிளக்ஸ் அங்கே இல்லை. சபையிலிருந்து யாரும் பள்ளிவாசல் தெருவுக்குப் போகவும் இல்லை.

சாபிரா இந்த மாதங்களில் ஆற்றுப்பக்கத்து மில்லுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். டின்னைத் தூக்கிக்கொண்டு ஜோதியின் மில்லைத் தாண்டித்தான் போகவேண்டும். தலையைத் திருப்பாமல் போவாள். பக்ரீத்துக்கு முந்தின நாள் அந்த மில்லில் மோட்டார் புகைந்துவிட்டதாம். வேறு வழியில்லாமல் டின்னோடு ஜோதியின் வாசலில் வந்து நின்றாள்.

ஜோதி வாங்கித் தராசில் வைத்தாள். மேலாக வறுத்த கசகசா தூவியிருந்தது. வீட்டுக்குத்தானே, இனி எந்த மசாலுக்கும் அந்தப் பயம் இல்லை. கை பழக்கத்தில் டின்னை மிசின் பக்கம் தூக்கினாள், வாயும் பழக்கத்தில் பேசிவிட்டது.

"வச்சுட்டுப் போங்க மதினி. அரைச்சு வைக்கிறேன்."

"இல்ல. நான் நின்னு பாத்துக்கிறேன். நீ அரை."

ஒரு கை அரிசி போட்டு ஓட்டிவிட்டு ஜோதி மிசினைப் போட்டாள். வத்தல் நெடி கிளம்பியது. பழக்கமில்லாத சாபிரா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெளியே போய் நில்லுங்கள் என்று சொல்ல ஜோதிக்கு வாய் இல்லை. சாபிரா இருமிக்கொண்டே, கண்ணைத் துடைத்துத் துடைத்து, மிசின் வாயையும் ஜோதியின் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அரைத்து முடிந்ததும் ஜோதி தூள் விழும் துணிக்குழாயைத் தட்டிக் கடைசித் தூள்வரை டின்னில் உதறினாள். மூடாமலே சாபிராவின் முன்னால் நகர்த்தினாள். சாபிரா வளையலை மேலே ஏற்றிக்கொண்டு, சூடு ஆறாத மசாலுக்குள் கையை விட்டு, அடிவரை துழாவிப் பார்த்தாள். பிறகு மூடியை அவளே அழுத்தி மூடினாள்.